அம்மாவுக்கு விளம்பரம் சொன்ன செய்தி

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், என் அம்மாவின் இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று பயாப்ஸி முடிவு வந்தது. அந்த முடிவு அம்மாவின் கைக்கு வரவில்லை. மருத்துவமனைப் பதிவில் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்ததால் குறுஞ்செய்தி எனக்கு வந்தது. நான் அண்ணனிடம் சொன்னேன், அண்ணன் அண்ணியிடம் சொன்னார், மூவரும் பேசி அம்மாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவெடுத்தோம். சாதாரணக் கட்டி, சின்ன அறுவைச் சிகிச்சை, இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்ற அளவில் பேச்சை நிறுத்திக்கொண்டோம். நோயின் பெயரை நோயாளியிடமிருந்து மறைப்பது எங்கள் வீட்டில் மட்டும் உள்ள பழக்கம் அல்ல என்பதை இதைப் படிக்கும் பலரும் அறிவீர்கள். அப்பா இறந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், அந்தச் சொல்லை அம்மா தாங்க மாட்டார் என்று நாங்கள் மனமார நம்பினோம்.

பதினோராம் நாள் மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது அம்மா அழைத்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் அழைப்பதில்லை. "எனக்கு வந்திருக்கறது புத்துநோயாம்மா?" என்று கேட்டார். யார் சொன்னது என்று கேட்டேன். "போன்ல வந்துச்சு" என்றார்.

அன்றிலிருந்து இந்த ஒன்றைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இலக்கு விளம்பரங்களைப் பற்றி அதற்கு முன்பும் எனக்கு ஒரு கருத்து இருந்தது. ஒரு புடவையைப் பார்த்தால் அந்தப் புடவை ஒரு வாரம் பின்தொடர்ந்து வருவது எரிச்சலூட்டும், ஆனால் அதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்பதே அந்தக் கருத்து. அது எவ்வளவு மேலோட்டமானது என்பதை அம்மாவின் குரலைக் கேட்ட அந்த மதியம் அறிந்தேன்.

நடந்தது இதுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு தொடுதிரைக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தேன். தொடங்கும்போது அது மின்னஞ்சல் முகவரி கேட்டது. அம்மாவுக்கு மின்னஞ்சல் கிடையாது. கடையில் நின்றபடியே என்னுடைய கணக்கைப் போட்டுத் திறந்து, வேண்டிய செயலிகளை இறக்கிக் கொடுத்துவிட்டேன். பெற்றோருக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் இதையேதான் செய்திருப்பார்கள். அன்று முதல், நாச்சியார்கோவிலில் அம்மா கையில் இருந்த கருவியும் சென்னையில் என் கையில் இருந்த கருவியும் விளம்பரம் விற்பவர்களின் கணக்கில் ஒரே ஆள். 42 வயதான பெண், வங்கி ஊழியர், கோயில் குடமுழுக்குக் காணொளிகளையும் கோலங்களையும் விரும்பிப் பார்ப்பவர் என்று எங்கள் இருவரையும் கலந்து ஓர் ஆளை அவர்கள் எழுதி வைத்திருக்க வேண்டும்.

பயாப்ஸி முடிவு வந்த இரவிலிருந்து அந்த ஆள் வேறொன்றைத் தேடத் தொடங்கினார். இரண்டாம் நிலை மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் எத்தனை ஆண்டு இருப்பார்கள், கீமோ எத்தனை முறை கொடுப்பார்கள், 68 வயதில் உடம்பு தாங்குமா, தஞ்சாவூரில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று இரவு பதினொரு மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுத் தேடினேன். அண்ணனிடம் கேட்க முடியாதவற்றையும் மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டவற்றையும் அந்தச் சின்னப் பெட்டியில் எழுதிக் கேட்டேன். புற்றுநோய் மருத்துவர்கள் பேசிய காணொளிகளைப் பார்த்தேன். இரண்டாவது கருத்துக் கேட்பதற்கான ஒரு தளத்தில் என் பெயரையும் எண்ணையும் நோயின் பெயரையும் நிரப்பினேன்.

அம்மா பிற்பகலில் வழக்கம்போலக் காணொளி பார்க்க உட்கார்ந்தபோது, குடமுழுக்குக்கு முன்னால் ஒரு பெண் வந்து, அறுவை இல்லாமலே மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தலாம் என்று மூலிகை மருந்து விற்றார். மறுநாள் ஒரு மருத்துவமனை வந்தது. அதற்கடுத்த நாள் காப்பீடு வந்தது. முகப்புப் பக்கத்தில், நான் பாதி பார்த்துவிட்டு நிறுத்திய மருத்துவர் காணொளிகள், விட்ட இடத்தைக் காட்டும் கோட்டோடு வரிசையாக நின்றன. கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தது அம்மாவுக்குத் தெரியும். தினமும் என் குரல் எப்படி இருந்தது என்பதும் தெரியும். மீதியை அவரே சேர்த்துக் கொண்டார். பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு எழுதியவருக்கு அது கடினமான கூட்டல் அல்ல.

பக்கத்து வீட்டு அக்கா, "போன் நாம பேசறதையெல்லாம் ஒட்டுக்கேக்குதுங்க, அதான் விளம்பரம் வருது" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். இந்த நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கிறது, படித்தவர்களிடமும் இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், கேட்காமலே ஒலிவாங்கியைத் திறந்து பேச்சை அனுப்பும் செயலி ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் பயனர் என்ன செய்கிறார் என்பதைத் திரைப்பதிவாக எடுத்து வெளியே அனுப்பிய செயலி அகப்பட்டது. ஒட்டுக்கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்பதே என் எண்ணம். மனிதர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதை விரலால் எழுதிவிடுகிறார்கள். என் வீட்டில் அந்த நோயின் பெயரை யாரும் உரக்கச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால்தானே ஒட்டுக்கேட்பதற்கு?

அந்த விளம்பரம் எப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள நான் சில மாதங்கள் படித்தேன். ஒரு பக்கமோ செயலியோ திறக்கும்போது அதில் விளம்பரத்துக்கென்று விடப்பட்டிருக்கும் காலியிடம், பல சமயங்களில் அந்தக் கணமே ஏலத்துக்குப் போகிறது. எந்தப் பக்கம் படிக்கப்படுகிறது, ஆள் ஏறத்தாழ எந்த ஊரில் இருக்கிறார், என்ன கருவி, அந்தக் கருவியின் விளம்பர அடையாள எண் என்ன என்ற குறிப்புகளோடு ஏலச்சீட்டு ஒன்று பல நிறுவனங்களுக்குப் பறக்கிறது. அவற்றின் கணினிகள் தங்களிடம் ஏற்கெனவே உள்ள பதிவோடு ஒப்பிட்டு விலை சொல்கின்றன. கண் இமைக்கும் நேரத்தில், நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவில், எல்லாம் முடிந்துவிடுகிறது. இடத்தைப் பிடிப்பவர் ஒருவரே என்றாலும் சீட்டை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். என்னை மிகவும் கலங்கச் செய்த இடம் இதுதான். நான் பார்க்காத விளம்பரங்களுக்குச் சொந்தக்காரர்களும் என்னைப் பார்த்திருக்கிறார்கள். அயர்லாந்தின் குடிமை உரிமைகள் கழகம் 2022 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, ஐரோப்பாவில் ஒருவருடைய இணைய நடவடிக்கையும் இருப்பிடமும் இவ்வாறு நாளொன்றுக்கு 376 முறையும், அமெரிக்காவில் 747 முறையும் ஏலத்தில் வெளியே போகின்றன.

இதன் தொடக்கம் ஒரு சிறிய வசதியில் இருக்கிறது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி என்ற பொறியாளர் குக்கீயை உருவாக்கினார். கூடையில் போட்ட பொருளை அடுத்த பக்கத்துக்குப் போனதும் கடை மறந்துவிடாமல் இருக்க, அந்தத் தளம் உலாவியில் விட்டுவைக்கும் ஒரு சிறு குறிப்பு அது. ஒரு தளத்தின் குறிப்பை இன்னொரு தளம் படிக்க முடியாதபடிதான் அவர் அமைத்தார். ஆனால் ஆயிரம் தளங்களில் ஒரே விளம்பர நிறுவனம் தன் சிறு நிரல் துண்டைப் பதித்துவிட்டால், அந்த ஆயிரம் இடங்களிலும் தன் குறிப்பைத் தானே படித்துக்கொள்ளலாம் என்ற வழி விரைவிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆப்பிளின் சஃபாரி உலாவி 2020இல் இந்த வழியை முழுவதும் அடைத்தது. கூகுள் தன் குரோமிலும் இரண்டு ஆண்டுகளில் அடைப்பதாக அதே 2020இல் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

நோயைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்று பெரிய விளம்பர மேடைகள் விதி வைத்திருக்கின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம், உடல்நலம் தொடர்பான ஆர்வங்களைத் தேர்ந்தெடுத்து விளம்பரம் செய்யும் வசதியை 2022 ஜனவரியிலிருந்து நீக்கியது. கூகுளின் விளம்பரக் கொள்கையிலும் அத்தகைய தடை இருக்கிறது. ஆனால் விதி இருப்பதும் செய்தி கசியாமல் இருப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் மருந்துத் தள்ளுபடிச் சீட்டு தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், உடல்நலத் தகவலை விளம்பரத்துக்காகப் பகிர மாட்டோம் என்று சொல்லிவிட்டு, யார் என்ன மருந்து வாங்கினார்கள் என்பதை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாகக் குற்றம்சாட்டிய கூட்டாட்சி வணிக ஆணையம், 2023 பிப்ரவரியில் அதன்மீது 15 லட்சம் டாலர் தண்டம் கோரியது. அடுத்த மாதமே, மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப், ஆலோசனை தேடி வந்தவர்களின் மின்னஞ்சல்களையும் அவர்கள் நிரப்பிய வினாக்களின் விவரங்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. மாதவிடாய்க் கணக்கு வைக்கும் ஃப்ளோ செயலிமீதும் 2021இல் இதே ஆணையம் நடவடிக்கை எடுத்திருந்தது. மருந்து, மனம், மாதவிடாய் என்று மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் மூன்று விஷயங்களும் இதில் வந்துவிட்டன.

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்லத் தோன்றுகிறது. என் சித்தப்பா ஒருவர் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்ட ஒன்பது மாதமும் அந்தக் கடைக்காரருக்கு அது தெரியும். தெருவில் யாருக்கு என்ன நோய் என்பது முழுவதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. சித்தப்பாவின் மகளுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கடையில்தான் வழி கேட்டார்கள், குடும்பம் எப்படி என்றும் விசாரித்தார்கள். நல்ல குடும்பம் என்று சொல்லி வழிகாட்டி அனுப்பினார். அந்த அடக்கத்தை எந்தச் சட்டமும் அவருக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. தனக்குத் தெரிந்ததை எங்கே சொல்லக் கூடாது என்று தெரிந்திருப்பது அவருடைய தொழிலின் பாதி. அம்மாவைப் பற்றி அறிந்திருந்த அந்தக் கணினிகளுக்கு, அறிவதற்கு மட்டும்தான் யாரோ கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் இதில் மறுபக்கத்தில் இருக்கிறார். நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளை வாங்கி இணையம் வழியாக விற்பது அவர் தொழில். ஒரு நாளைக்கு 300 ரூபாய் விளம்பரத்துக்குச் செலவிடுகிறார். கோயம்புத்தூரிலும் பெங்களூருவிலும் புதுவீடு கட்டுபவர்கள், 30 முதல் 55 வயது, தமிழ் தெரிந்தவர்கள் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் அவர்களுக்கு மட்டும் விளக்கின் படம் போகிறது. இது இல்லாவிட்டால் தொலைக்காட்சியிலும் செய்தித்தாளிலும் விளம்பரம் செய்ய வசதியுள்ள நகரத்துக் கடைகளுக்கு எதிரே தன்னால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்று அவர் சொல்வது உண்மை. அவரை நம்பி விளக்கு வார்க்கும் நான்கு குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பட்டறையின் சூட்டில் நின்று பார்த்திருக்கும் எனக்கு, இலக்கு விளம்பரமே கூடாது என்று எளிதாகச் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் அவர் தொழில் நடக்கும் விதத்தை ஒருநாள் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். இதுவரை விளக்கு வாங்கியவர்களின் கைப்பேசி எண்களையெல்லாம் ஒரு பட்டியலாக ஏற்றிவிடுகிறார். அந்த எண்கள் அப்படியே போகாமல் குறியீடாக மாற்றப்பட்டுப் போகின்றன. விளம்பர மேடையும் தன்னிடமுள்ள எண்களை அதே முறையில் குறியீடாக மாற்றி வைத்திருப்பதால் இரண்டும் பொருந்தி ஆள் அகப்பட்டுவிடுகிறார். பிறகு அவர்களைப் போன்றவர்களையும் அது தேடித் தருகிறது. விளக்கு வாங்கிய ஓர் அம்மாள் இதற்காகத் தன் எண்ணைக் கொடுக்கவில்லை, பொட்டலம் வந்து சேருவதற்காகக் கொடுத்தார் என்று அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு அதற்கு முன்பு அப்படித் தோன்றியதே இல்லை. துணிக்கடையில் பில் போடும்போது நாம் கொடுக்கும் எண்ணும் இதுபோன்ற பட்டியல்களில் போய்ச் சேரலாம். எண் கொடுக்காவிட்டால் பில் போட மாட்டோம் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2023 மே மாதத்தில் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. நான் அதன் பிறகும் பல கவுண்டர்களில் வாதாட வேண்டியிருந்தது, இப்போதும் வாதாடுகிறேன்.

விளக்கை விற்க ஆளைப் பின்தொடர வேண்டியதில்லை என்பதற்கும் சான்று இருக்கிறது. நெதர்லாந்தின் பொது ஒலிபரப்புக்கு விளம்பரம் விற்கும் ஸ்டெர் அமைப்பு, 2020 தொடக்கத்தில் பின்தொடரும் குக்கீகளை முழுவதும் கைவிட்டு, பார்க்கப்படும் நிகழ்ச்சி எதைப் பற்றியதோ அதற்கேற்ற விளம்பரத்தை மட்டும் காட்டத் தொடங்கியது. இணைய விளம்பர வருவாய் குறையவில்லை, முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிடக் கூடியது. கிரகப்பிரவேசம் பற்றிய கட்டுரையின் ஓரத்தில் குத்துவிளக்கு விளம்பரம் வருவதில் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. படிப்பவர் யார், நேற்றிரவு எதைத் தேடினார், எந்த மருத்துவமனைக்குப் போனார் என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. அண்ணன் சில வலைப்பதிவுகளோடும் ஒரு கோயில் இதழோடும் நேரடியாகப் பேசி இதைச் செய்து பார்க்கிறார். வரும் கேட்புகள் குறைவு, ஆனால் வருபவர்கள் வாங்குகிறார்கள் என்கிறார். நான்கு மாதக் கணக்கை வைத்து அதற்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை.

சட்டத்தைப் படித்தபோது எனக்கு ஆறுதலும் ஏமாற்றமும் சேர்ந்தே கிடைத்தன. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012இல் தம் 86ஆம் வயதில் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கிலிருந்து எழுந்த கேள்வியில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து 2023 ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, ஒப்புதல் பெறுவது தொடர்பான முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து மேலும் 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களுக்கு இலக்கு விளம்பரம் காட்டுவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் எதில் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம் என்கிறது. தமிழும் அதில் உண்டு. கடமை தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு.

இவை நல்லவை. ஆனால் 2011இல் வந்த பழைய விதிகள் உடல்நிலையையும் மருத்துவப் பதிவையும் கூருணர்வுத் தகவல் என்று தனியே பிரித்து வைத்திருந்தன. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவற்றைத் தனி வகையாக வைத்துக் கூடுதல் காவல் இடுகிறது. அங்கே அத்தகைய தகவலை வைத்து ஆளை வகைப்படுத்தி இணைய மேடைகளில் விளம்பரம் காட்டுவதற்கே தடை வந்துவிட்டது. நம்முடைய புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. ஒருவருக்குப் பிடித்த புடவை நிறமும் அவர் மார்பில் இருக்கும் நோயும் அதற்கு ஒரே வகைத் தகவல். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. சட்டம் எழுதியவர்களின் வீட்டிலும் யாராவது இரவில் விளக்கை அணைத்துவிட்டு இப்படித் தேடியிருப்பார்கள்தானே.

இவ்வளவையும் படித்து, என் தகவல் கசிந்தது, என் தேடல் வெளியே போனது என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு மருத்துவமனை அறையில் அம்மா என்னைத் திருத்தினார். அதுவரை அவர் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அன்று ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்: "உனக்குத் தெரிஞ்சிருக்கு, உங்கண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு, அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. மருந்து விக்கிறவனுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. என் உடம்புல இருக்கறது எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது."

விளம்பரக்காரர்கள்மீது நான் வைத்திருந்த குற்றச்சாட்டு முழுவதும் அந்த வரிசையில் என் பெயரோடு தொடங்கி நின்றது. ஒருவரைப் பற்றிய செய்தியை அவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது, அவருடைய நன்மைக்காகத்தான் என்று சொல்லிக்கொள்வது, எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவருக்குப் பதிலாகத் தாமே தீர்மானிப்பது என்று நிறுவனங்கள் செய்வதாக நான் எழுதி வைத்திருந்த ஒவ்வொன்றையும் நாங்கள் மூவரும் அந்தப் பதினோரு நாளும் செய்தோம். நாங்கள் அன்பினால் செய்தோம், அவர்கள் பணத்துக்காகச் செய்கிறார்கள் என்ற வேறுபாடு எனக்குப் பெரியதுதான். ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவருக்கு அது அவ்வளவு பெரியதாக இருந்திருக்காது. அந்தரங்கம் என்றால் மறைத்து வைப்பது என்றுதான் நான் அதுவரை பொருள் கொண்டிருந்தேன். தன் செய்தி யாரிடம், எப்போது, யார் வாயால் போக வேண்டும் என்பது அதற்குரியவரின் கையில் இருக்க வேண்டும் என்று அம்மா சொன்னார். மறைப்பதும் சொல்வதும் அதற்கு அடுத்தவை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. கீமோ முடிந்து முடி திரும்ப முளைக்கத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தனக்கென்று ஒரு கணக்குத் தொடங்கித் தரச் சொன்னார். அவசரமாகத் தட்டிவிட்டு முடிக்க நான் கையை நீட்டியபோது கைப்பேசியைத் தராமல், வருவதையெல்லாம் வரிவரியாகப் படிக்கச் சொன்னார். பிறந்த தேதி எதற்கு, ஆணா பெண்ணா என்பது எதற்கு, இருப்பிடம் எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். சிலவற்றுக்கு என்னிடம் பதில் இருந்தது. விளம்பரங்களை உங்கள் விருப்பத்துக்கேற்ப மாற்றித் தரலாமா என்ற இடத்தில், "என் விருப்பம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் விளக்கினேன். அவரே விரலால் தள்ளி அதை அணைத்தார். கருவியின் விளம்பர அடையாள எண்ணையும் அழித்தோம். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. கடையில் நின்று மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் செய்தபோது நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

நானும் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். உடம்பைப் பற்றித் தேடுவதற்குக் கணக்கில் நுழையாத வேறோர் உலாவி வைத்திருக்கிறேன். அதில் பின்தொடரும் நிரல் துண்டுகளைத் தடுக்கும் ஒரு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது. தேடல் பதிவும் காணொளிப் பதிவும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்காதபடி அமைத்திருக்கிறேன். இவையெல்லாம் உதவுகின்றன. ஆனால் ஆங்கிலம் படிக்கத் தெரிந்து, நேரமும் இருந்து, ஒரு முறை சூடுபட்டவளுக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பை உரிமை என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசி இன்றும் துபாயில் இருக்கும் அவர் மகனின் கணக்கில்தான் ஓடுகிறது. அவர் கேட்டதால் வரும் விடுமுறையில் அதையும் மாற்றித் தரப் போகிறேன்.

ஆறு மாதச் சோதனைக்குத் தஞ்சாவூர் போனபோது, பதிவு மேசையில் இருந்த பெண் என் எண்ணைப் படித்துச் சரிதானா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அம்மா முன்னால் வந்து, அதை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போடச் சொன்னார். பத்து இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்தப் பெண் திரும்பப் படிக்கும்வரை நின்றார். ஸ்கேன் முடிவு நான்காம் நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டு, கண்ணாடியை மாற்றிப் போட்டு இன்னொரு முறை படித்துவிட்டு, மாலை விளக்கேற்றிய பிறகு ஆறரை மணிக்கு என்னை அழைத்தார்.